கூண்டு வாங்கியாச்சு... கோழி எங்கே மேயும்?

முதல் கூண்டை நான் வாங்கியது படத்தைப் பார்த்து. சாய்வுக் கூரை, சின்னதாக ஒரு ஜன்னல், ஏறிப்போக ஒரு ஏணிப்பலகை, முட்டை எடுக்கப் பக்கவாட்டில் மூடி வைத்த பெட்டி. பொம்மை வீடு மாதிரி இருந்தது. ‘10 கோழிகள் தாராளமாக வளர்க்கலாம்’ என்று போட்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருகாணி முடுக்கிச் சேர்த்தோம். சிறுவிடை ரக நாட்டுக்கோழியில் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் குடியேறின.

பதினோராம் நாள் ஒரு பெட்டை குறைந்தது. மறுநாள் இன்னொன்று. மூன்றாவது நாள் என் கண்ணெதிரிலேயே நடந்தது. காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னாலிருந்து வந்த கீரி ஒரு பெட்டையின் கழுத்தைக் கவ்வி, மதில் ஓட்டை வழியாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. சேவல் மதில்மேல் ஏறி நின்று கத்தியது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது திருச்சியில், உறையூருக்குக் கொஞ்சம் தள்ளி. உறையூரின் பழைய பெயர் கோழியூர். ஒரு கோழி யானையோடு சண்டை போட்டு ஜெயித்த இடம் என்று ஐதீகம். சிலப்பதிகாரத்திலேயே அந்தக் கதைக்கு இடம் உண்டு. யானையை ஜெயித்த கோழியின் ஊரில் கீரியிடம் தோற்ற குடும்பம் என்று எங்களைச் சொல்லலாம்.

இதில் கூண்டைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பதினான்கு ராத்திரியில் அதற்குள் ஒரு கோழிக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அது ராத்திரிக்கான சாமான். ராத்திரி வேலையை ஒழுங்காகப் பார்த்தது. பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அதன்பிறகு செய்ததும் தப்புதான். பயத்தில், மிச்சமிருந்த நாலையும் பகலிலும் உள்ளேயே போட்டு அடைத்தேன். ஒரே வாரத்தில் ஒன்றின் வால் இறகை இன்னொன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. மத்தியானத்தில் நாலும் வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கப்போட்டு இரைத்தன.

கொல்லையில் நாலு கோழி வளர்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்தக் கூண்டு வாங்கலாம்?’ என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கேள்வியில் பாதி விட்டுப்போயிருந்தது.

சொல்லே இல்லாத இடம்

மாட்டுக்குத் தொழுவம் என்கிறோம், ஆட்டுக்குப் பட்டி என்கிறோம். கோழி ராத்திரி அடைவதற்கு மட்டும் ஊருக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: கூடு, கூண்டு, கூடாப்பு, மடம், பஞ்சாரம். ஆனால் பகலில் கோழி மேய்வதற்கென்று வேலி கட்டிய ஓர் இடத்துக்குத் தமிழில் பேர் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன். பேர் இல்லாததற்குக் காரணம், அப்படி ஓர் இடமே தேவைப்படாததுதான்.

பழைய வீடுகளில் திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். வாயில் ஒரு பலகைக்கல், அது நகராமல் இருக்க ஓர் உருளைக்கல். அதுதான் கூடு. விடிந்ததும் கல்லை நகர்த்தினால் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து இறக்கையை உதறிவிட்டுப் போகும். குப்பைமேடு, வைக்கோல் போர், நெல் காயும் களம், மாட்டுக் கொட்டில், பக்கத்து வீட்டுக் கொல்லை என்று ஊரே அதன் மேய்ச்சல். பொழுது சாயும்போது ‘கோழியெல்லாம் அடஞ்சிருச்சா?’ என்ற ஒரே கேள்வியோடு வேலை முடிந்தது. கீரியும் பருந்தும் அப்போதும் இருந்தன. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, வாசலில் எந்நேரமும் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள், போனாலும் இருபதில் ஒன்று போயிற்று என்று விட்டுவிட்டார்கள்.

அரசாங்கம் இன்றைக்கும் இதைப் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்றுதான் சொல்கிறது. நல்ல சொல்தான். ஆனால் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டி, முன்னால் கார் நிறுத்த இடம் விட்டு, பக்கவாட்டில் போர்வெல் போட்டபின் புறக்கடை என்று எதைக் காட்டுவது? எங்கள் வீட்டில் அது துணி காயப்போடும் கொடிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் துண்டு நிலம். கோழி அங்கே வாழ வேண்டும் என்றால், அது இழந்த ஊரில் ஒரு சின்னத் துண்டையாவது நாம் கட்டிக் கொடுத்தாக வேண்டும். அந்தத் துண்டை இந்தக் கட்டுரையில் ‘அடைப்பு’ என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் அப்படித்தான் சொல்கிறார்.

கோழியின் உடம்பில் இன்னும் காடு இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழிதான் அதன் முக்கிய மூதாதை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் அதில் பங்கு உண்டு: வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு இதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். காட்டுக்கோழி பகல் முழுக்கத் தரையில் சருகைச் சீய்த்துப் பூச்சி பொறுக்கும். இருட்டும்போது மரத்தில் ஏறிக்கொள்ளும். ராத்திரியில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உயரம் ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. ஆகவே சீய்க்க மண், ஏற உயரம் என்று இரண்டு தேவை. நாம் கடையில் வாங்குவது இரண்டாவதை மட்டும்.

பத்துக் கோழிக் கணக்கு

நான் வாங்கிய கூண்டின் தரை நாலுக்கு இரண்டு அடி. எட்டுச் சதுர அடியில் பத்துக் கோழி என்றால் ஆளுக்கு முக்கால் சதுர அடியும் சொச்சமும். ஓர் ஏ4 தாள் முக்கால் சதுர அடிக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது ஒவ்வொரு கோழிக்கும் ஒரு தாளைவிடச் சற்றுப் பெரிய இடம். முட்டைப் பண்ணைகளின் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது அந்தத் தாளைவிடவும் குறைவு என்பதும், அந்த வகை வெறும் கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடைசெய்துவிட்டது என்பதும் தெரிந்த கதை. பண்ணை வேண்டாம் என்றுதானே வீட்டில் வளர்க்க வந்தோம்? நான் அழகாகப் பெயின்ட் அடித்த பண்ணைக் கூண்டைத்தான் வாங்கியிருந்தேன்.

ராத்திரி அடைய மட்டும் என்றால் சிறுவிடைக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். பெருவிடைக்கும், வனராஜா மாதிரியான கனத்த இனங்களுக்கும் இரண்டு வேண்டும். பகலும் உள்ளேதான் என்றால் நாலு கொடுத்தாலும் சண்டை வரும். வெளி அடைப்பில் ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி என்பது குறைந்தபட்சம்; இருபது கொடுத்தால் அதன் முகமே வேறாகிவிடும். ஆறு கோழிக்குக் கூண்டு பன்னிரண்டு சதுர அடி, அடைப்பு நூறு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. பணத்தையும் இந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். நான் தலைகீழாகப் பிரித்தேன்.

இடம் போதாமல் போனால் கோழிகளின் சாதிப் பிரச்சினை வெளியே வரும். ஷெல்டரூப்-எப்பே என்ற நார்வேக்காரர் சின்ன வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெழுதி, 1921-இல் அதையே ஆராய்ச்சியாக வெளியிட்டார். யார் யாரைக் கொத்தலாம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரிசை உண்டு என்பதுதான் அவர் கண்டது. மேலே இருக்கும் பெட்டை கொத்த வரும்போது கீழே இருப்பது விலகி ஓட வேண்டும். ஓட இடம் இருந்தால் ஒரு கொத்தோடு விவகாரம் முடிந்துவிடும். மூலையில் மாட்டிக்கொண்டால் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் அடைப்பு வெறும் மைதானமாக இருக்கக்கூடாது. நடுவில் ஒரு பழைய கூடை, சாய்த்து வைத்த கீற்று, ஒரு மரக்கட்டை என்று மறைவு வேண்டும். தீவனத் தட்டு இரண்டு, இரண்டு மூலையில்.

வெளியே போகாமல் இருக்கவா, உள்ளே வராமல் இருக்கவா?

பட்டறை அண்ணனிடம் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“சார், கோழி வெளிய போகாம இருக்கணுமா, மத்தது உள்ள வராம இருக்கணுமா? ரெண்டுக்கும் வேற வேற வலை.”

கடைகளில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். அது முதல் வேலைக்கு. கோழியை உள்ளே நிறுத்தும். நாய் நெஞ்சால் முட்டினால் பிளந்துவிடும், கீரி முடிச்சைப் பிரித்துவிடும், எலி அறுகோணத்துக்குள் நடந்தே போகும். இரண்டாவது வேலைக்கு வெல்ட் மெஷ், அரை இஞ்சுக் கட்டம். விலை கூடத்தான். முழுக்க அதிலேயே கட்ட வேண்டியதில்லை. தரையிலிருந்து இரண்டரை அடி வரைக்கும் அரை இஞ்சு வெல்ட் மெஷ். அதற்குமேல் பெரிய கண். கூண்டுக்கு மட்டும் எல்லாப் பக்கமும் அரை இஞ்சு. பெரிய பாம்பு உள்ளே வர அந்தக் கட்டம் போதாது என்பது கூடுதல் லாபம்.

“கீழ என்ன பண்ணப் போறீங்க?” என்றார் அடுத்து. நான் முழித்தேன். கீரி, நாய், பெருச்சாளி மூன்றும் தோண்டிக்கொண்டு வருகிறவை. வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்க வேண்டும். பாறை, வேர் என்று இறக்க முடியாத இடத்தில் வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையிலேயே வலையை விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிட்டால் போதும். தோண்டுகிற பிராணி வேலியை ஒட்டித்தான் தோண்டும். கம்பியில் நகம் பட்டதும் இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. நாங்கள் செய்தது இந்த இரண்டாவது முறை. மூன்று வருஷமாக வேலி ஓரத்தில் நகக்கீறல் பார்த்திருக்கிறேன், குழி பார்த்ததில்லை.

மேலே என்ன? வல்லூறு பெரிய கோழியைத் தூக்காது, குஞ்சை விடாது. காகமும் அப்படித்தான். பூனையும் மரநாயும் வேலியில் ஏறி மேல்வழியாக இறங்கும். நம் நாட்டுப் பெட்டை ஆறடி வேலியை ஒரே எம்பில் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் இறங்கும். இது எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே நைலான் வலை. பழைய மீன்வலை கிடைத்தால் மலிவு.

தாழ்ப்பாளை யாரும் யோசிப்பதில்லை. கொக்கி மட்டும் போட்ட கதவை நாய் மூக்கால் தட்டித் தட்டித் திறந்துவிடும். கொண்டி போட்டு, அதில் ஒரு பூட்டோ கம்பியோ மாட்டுங்கள். அடைப்பின் வாசல் ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்தில் இருக்கட்டும். குனிந்து போக வேண்டிய அடைப்பை நீங்கள் பெருக்க மாட்டீர்கள். முதல் மாதம் பெருக்குவீர்கள், அப்புறம் மாட்டீர்கள். கூண்டுக்கும் அதே விதிதான். ஒரு பக்கச் சுவர் முழுதும் கதவாகத் திறக்க வேண்டும். கைமட்டும் நுழையும் ஓட்டை வழியாகக் கூண்டைச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய தண்டனை என்பதற்கு என் பொம்மை வீடு சாட்சி.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைத் தெருக்கோடி அம்மாயி சொன்னாள். கோழி போனதைக் கேள்விப்பட்டு விசாரிக்க வந்தவள், கூண்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “கோழி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கொல்லையில சும்மா உக்காந்து பாத்திருக்கணும் தம்பி. காலையில ஒரு நாழி, சாயந்திரம் ஒரு நாழி. என்னென்ன வருது, எந்த ஓட்டையில வருதுன்னு தெரிஞ்சிருக்கும்” என்றாள். கீரி போன மதில் ஓட்டை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அதை வாசல் என்று நினைத்ததில்லை.

பனிநாட்டுக் கூண்டும் பங்குனி வெயிலும்

படத்தில் அழகாக இருக்கும் கூண்டுகள் பெரும்பாலும் பனிநாட்டு வரைபடத்தைப் பார்த்துச் செய்தவை. நாலு பக்கமும் பலகை, கையளவு ஜன்னல், கறுப்புக் கூரை. குளிரை வெளியே நிறுத்த அங்கே அது சரி. திருச்சியில் சித்திரையில் அதே பெட்டி அடுப்பு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயைத் திறந்து இரைப்பதுதான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள இருக்கும் ஒரே பெரிய வழி. காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அந்த மூச்சின் ஈரமும், எச்சத்தின் அமோனியாவும் சேர்ந்துகொள்ளும். காலையில் கூண்டைத் திறக்கும்போது உங்கள் கண் எரிந்தால், ராத்திரி முழுக்க அதன் கண் எரிந்திருக்கிறது.

நம்மூருக்கு வேண்டியது மூன்று பக்கம் வலை, ஒரு பக்கம் சுவர். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும் எல்லாப் பக்கமும் பலகையோ தகடோ இருந்தால் போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும்; அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குட்டைப் பக்கத்தில்தான் படும். பெரிய பண்ணைக் கொட்டகைகளும் இப்படித்தான் போடுகிறார்கள். கூரை இரண்டடி வெளியே நீட்டியிருக்கட்டும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சாக்குப் படுதா கட்டி, மழை விட்டதும் சுருட்டிவிடலாம்.

கூரை என்றதும் தகரம்தான் கைக்கு வரும். கீற்று குளிர்ச்சி, ஆனால் எலி குடியிருக்கும், எலியைத் தேடிச் சாரை வரும், ஓரிரு வருஷத்தில் மாற்ற வேண்டும். ஓடு நல்லது, கனம் தாங்கச் சட்டம் வேண்டும். நாங்கள் தகரம் போட்டு அதன்மேல் கீற்று வேய்ந்திருக்கிறோம். மத்தியானம் கைவைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மொட்டைமாடியில் கூண்டு வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மாடியில் வெறுங்காலோடு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து கேட்கச் சொன்னேன். திரும்பக் கேட்கவில்லை.

உள்ளே வேண்டியவை கொஞ்சம்தான். உட்கார இரண்டு சவுக்குக் கம்பு, இரண்டு இஞ்சுக் கனம், பட்டை உரித்தது. பட்டையை விட்டால் அதற்கடியில் உண்ணி ஒளிந்துகொள்ளும். பகலில் விரிசலுக்குள் பதுங்கி, ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கிற ஜாதி அது. பழைய மரக்கூண்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு நான் பயப்படுவது இதனால்தான். கம்புகளை ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் மேல்கம்புக்குத் தினமும் பொழுது சாயும்போது அடிதடி, கீழே உட்கார்ந்தவற்றின் தலையில் எச்சம். ஒரு கோழிக்கு எட்டு இஞ்சு நீளம். முட்டையிட ஓர் அடிக்கு ஓர் அடி பெட்டி, நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றிலேயேதான் வரிசையில் நின்று இடும். பெட்டி, உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ராத்திரி அதில் ஏறித் தூங்கி நாறடித்துவிடும்.

கூண்டு தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் நிற்பது நல்லது. அடியில் நிழல் கிடைக்கும், ஈரம் ஏறாது, எலி வளை போட்டால் தெரியும். தரைக்குக் கம்பி வலை போட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம் என்பார்கள். ராத்திரிக்கு மட்டும் என்றால் சரி. நாள் முழுக்கக் கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். எங்களுடையது பலகைத் தரை, மேலே மூன்று இஞ்சு உமி. ஈரமான இடத்தை மட்டும் அள்ளி, புது உமி போட்டு, வாரம் ஒருமுறை கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறிவிடுவேன். நாற்றம் என்பது எச்சத்தால் வருவதல்ல, ஈரத்தால் வருவது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கூண்டு வைக்காமல் இருப்பதும், தண்ணீர்த் தட்டு கவிழாமல் பார்ப்பதும் உறவைக் காப்பாற்றும். சேவல் கூவுவது இன்னொரு பஞ்சாயத்து. முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை; குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் வேண்டும். இது தெரியாமலேயே நிறைய பேர் சேவலை வாங்கி, வசவும் வாங்குகிறார்கள்.

அடைப்பும் ஒரு தோட்டம்தான்

எங்கள் அடைப்பு இருபதுக்கு எட்டு அடி, மதிலை ஒட்டி. கட்டும்போது உள்ளே அருகம்புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஒரே மாதத்தில் மொட்டைத்தலை. கோழி புல்லைத் தின்பதோடு நிற்காது, வேரையும் சீய்த்துவிடும். நடுவில் ஒரு வலைத் தடுப்புப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்று வாரம் காலியாக விட்டு மாற்றி மாற்றி விடுகிறேன். முழுசாகப் பச்சை வராது, ஆனால் மண்ணுக்கு மூச்சு வருகிறது. தெருவில் பெருக்கும் வேப்பஞ்சருகையெல்லாம் கேட்டு வாங்கி உள்ளே கொட்டுவேன். மூட்டையை அவிழ்க்கும்போதே கோழிகளின் குரல் மாறிவிடும். பகல் முழுக்கச் சீய்க்க அதற்கு வேலை. இரண்டு மாதத்தில் பொடியாகி, தோட்டத்துக்கு உரம்.

கரையான் பிடிக்கும் பழைய வித்தையை அம்மாயியிடம் கற்றேன். ஒரு பானையில் ஈரச்சாணியும் வைக்கோலும் பழைய சாக்குத்துண்டும் அடைத்து, கரையான் இருக்கும் இடமாகப் பார்த்து ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். கோழிக் குஞ்சுக்கு அதைவிட விருந்து இல்லை.

மூலையில் ஒரு முருங்கை முன்பே நின்றது. நிழலுக்கு அது போதவில்லை என்று மேல்வலையில் கோவைக்கொடி ஏற்றினோம். மரம், செடி எதுவானாலும் தூரைச் சுற்றிக் கல் பதிக்க வேண்டும், இல்லையென்றால் வேர் வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் அடைப்பு சேறானால் ரத்தக் கழிச்சல் பின்னாலேயே வரும். தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரை அடி உயர்த்தி, ஒரு பக்கம் வாட்டம் கொடுத்து, மூன்றில் ஒரு பங்குக்காவது மேலே ஷீட் போட்டுவிடுங்கள். அந்த மழை படாத இடத்தில்தான் கோழி குழி தோண்டி மண் குளிக்கும். கொஞ்சம் மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் செள் தொல்லை குறையும். முதல்முறை மண் குளிப்பதைப் பார்த்த என் மகள், கோழிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

இடம் பெரியதாக, தரை சமமாக இருந்தால் சக்கரம் வைத்த நகரும் கூண்டு நல்ல யோசனை; தினமும் பத்தடி தள்ளினால் புதுப் புல். தென்னந்தோப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தும். அடியில் வலை இல்லாததால் அதைக் கீரி இல்லாத ஊரில்தான் நம்பலாம். மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு வீட்டுக்கு வேண்டாம் என்பேன், காரணம் மேலே சொன்ன ஏ4 தாள்.

பஞ்சாரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூங்கில் சிம்பில் பின்னிய அந்தக் கவிழ்த்த கூடைக்கு இன்றும் வேலை இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழியை நேராக மற்றவற்றோடு விட்டால், வெள்ளைக்கழிச்சலும் சேர்ந்து நுழையும். ராணிக்கேட் என்று அந்த நோய்க்கு இமயமலையில் இருக்கும் ஓர் ஊரின் பேரை வைத்திருக்கிறோம். அது வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. புதுக்கோழியை இரண்டு மூன்று வாரம் தள்ளி, பஞ்சாரத்தில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். தாயையும் குஞ்சுகளையும் முதல் பத்து நாள் மற்றவற்றிடமிருந்து பிரித்து வைக்கவும் பஞ்சாரம்தான். முட்டை வைக்காமலே அடைக்கு உட்கார்ந்து அடம்பிடிக்கும் பெட்டையை மூன்று நாள் அதில் கவிழ்த்தால் தெளியும். அடை வைக்கும்போது முட்டைகளுக்கு நடுவில் இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் போடச் சொன்னாள் அம்மாயி. எப்படி என்று நான் கேட்கவில்லை. போட்டேன். இருபத்தொரு நாளில் பதினொன்றுக்கு ஒன்பது பொரித்தது.

முட்டைக் கணக்கைப் பார்த்து இதில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவிடை வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை இட்டால் பெரிது. ஒரு ஈடு முடிந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆறு பெட்டைக்கு, சராசரியாக வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை. பக்கத்தில்தான் நாமக்கல் இருக்கிறது. அங்கே இருக்கும் பண்ணைகளின் முட்டை விலையோடு போட்டி போட முடியாது. அதிக முட்டை வேண்டும் என்றால் கிராமப்பிரியா மாதிரி அதற்கென்று உருவாக்கிய இனம் இருக்கிறது. எந்த இனம், எத்தனை என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். கொல்லையை அளந்து, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, வலைக்குக் காசு எடுத்து வைத்தபிறகு மிஞ்சும் எண்ணிக்கைதான் உங்கள் எண்ணிக்கை. எங்களுக்கு அது ஏழு.

பழைய பொம்மை வீடு இப்போதும் இருக்கிறது. கதவைக் கழற்றிவிட்டு அடைப்புக்குள் போட்டிருக்கிறோம், கொத்து வாங்கும் பெட்டை ஓடி ஒளிய. புதுக்கூண்டு பட்டறை அண்ணன் கைவேலை: ஆறுக்கு மூன்று அடி, மேலே கீற்று, மூன்று பக்கம் காற்று. ஆறேகால் மணிக்கெல்லாம் கோழிகள் தாமாகவே ஏறிக் கம்பில் உட்கார்ந்துவிடும். ஆறரைக்கு டார்ச்சோடு போய் எண்ணுவேன். தினமும் ஆறுதான் வரும். ஏழாவது ஒரு கறுப்புப் பெட்டை. என்ன செய்தும் கூண்டில் அடையமாட்டேன் என்கிறது. மேல்வலைக்குக் கீழே முருங்கையின் கடைசிக் கிளையில், தலையை இறக்கைக்குள் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கையாலும் பொத்தி எடுத்து, கம்பில் கொண்டுபோய் வைத்து, கொண்டியைப் போட வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் ஒரே ஒரு தடவை கொக் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.